சண்டை நம் ஊரில், தீர்ப்பு சிங்கப்பூரில்

இந்தியக் கம்பெனிகள் மோதிக்கொள்ள ஏன் கடல் தாண்டிப் போகின்றன? அங்கே நீதிக்குப் பேர்போன வழக்கறிஞர்கள் யார், அவர்கள் வளர்ந்த கதை என்ன, அந்த நீதி எட்டாதவர்கள் யார்?

2020 அக்டோபர் 25, ஞாயிற்றுக்கிழமை. ஆயுத பூஜை. கொரோனா ஊரையே வீட்டுக்குள் அடைத்த வருடம் அது. இருந்தாலும் கடைகளில் தராசுக்கும் கல்லாப்பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். வக்கீல் ஆபீஸ்களில் சட்டப் புத்தகங்களை அடுக்கி, துணி போர்த்தி, பொரிகடலை படைத்தார்கள். அன்றைக்குப் புத்தகத்தைத் தொடக் கூடாது என்பது நம் வழக்கம்.

அதே நாளில் சிங்கப்பூரிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. பிக் பஜார் கடைகளை நடத்திவந்த ஃபியூச்சர் குழுமம் தன் சில்லறை வணிகத்தை 24,713 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸுக்கு விற்கக் கூடாது, இப்போதைக்கு நிறுத்திவை என்றது அந்த உத்தரவு. கேட்டது அமேசான். சென்னையிலும் கோவையிலும் நாம் பருப்பும் பெட்ஷீட்டும் வாங்கிய கடைகள் யாருக்குப் போகும் என்ற கேள்விக்கு, அன்றைய தேதிக்குப் பதில் சொன்னவர் ஒரே ஒருவர். அவர் பெயர் வி.கே. ராஜா. சிங்கப்பூரின் முன்னாள் அட்டர்னி ஜெனரல், அதற்கு முன்பு அங்கே மேல்முறையீட்டு நீதிபதி, அதற்கும் முன்பு ராஜா அண்ட் டான் என்ற பெரிய சட்ட நிறுவனத்தின் நிர்வாகப் பங்குதாரர்.

வாதங்கள் நடந்தது அக்டோபர் 16 அன்று, காணொளி வழியாக. ஒரு பக்கம் கோபால் சுப்ரமணியம், எதிர்ப்பக்கம் ஹரீஷ் சால்வே. இருவருமே இந்தியாவின் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தவர்கள். கடை இந்தியாவில், பணம் இந்தியாவில், வக்கீல்கள் இந்தியர்கள். தீர்ப்பு மட்டும் சிங்கப்பூரில்.

ஏன்?

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம்

இரண்டு கம்பெனிகள் கைகோக்கும்போது எழுதும் ஒப்பந்தத்தில், பங்கு எத்தனை, விலை என்ன என்பதையெல்லாம் வரிக்கு வரி பேரம் பேசுவார்கள். கடைசிப் பக்கங்களில் ஒரு விதி வரும். நமக்குள் தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போவதில்லை, நடுவரிடம் போகலாம், அந்த நடுவர் இன்ன ஊரில் உட்காருவார் என்பது அது. கையெழுத்துப் போடும் அவசரத்தில் அதை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. உறவு முறிந்த பிறகு அதுதான் எல்லாம்.

கிராமத்தில் பங்காளிச் சண்டைக்குப் பக்கத்து ஊர்ப் பெரியவரைக் கூப்பிடுவார்கள். நம் ஊர்க்காரர் என்றால் ஒருவருக்குச் சம்பந்தியாகவாவது இருப்பார். வெளியூர்க்காரருக்கு இரு தரப்பும் ஒன்று. அமெரிக்கக் கம்பெனிக்கு இந்திய நீதிமன்றத்தில் வழக்கு எத்தனை வருடம் இழுக்குமோ என்று பயம். இந்தியக் கம்பெனிக்கு நியூயார்க் வக்கீல் ஃபீஸை நினைத்தால் தலை சுற்றும். நடுவில் சிங்கப்பூர் இருக்கிறது. ஆங்கிலேயச் சட்ட மரபு, சென்னையிலிருந்து நாலு மணி நேர விமானம், யாருக்கும் உறவில்லாத ஊர்.

சிங்கப்பூர் அனைத்துலக நடுவர் மன்றம் 1991-ல் தொடங்கப்பட்டது. நடுவர் குழு அமையும்வரைகூடக் காத்திருக்க முடியாத அவசர வழக்குகளுக்கு ஒரே ஓர் அவசர நடுவரை நியமிக்கும் முறையை 2010-ல் கொண்டுவந்தது. அவர் நியமிக்கப்பட்ட பதினான்கு நாட்களுக்குள் இடைக்கால உத்தரவு தரவேண்டும் என்பது அப்போது நடப்பிலிருந்த 2016-ம் ஆண்டு விதி. நம் ஊரில் பதினான்கு நாளில் ஒரு வாய்தா கிடைத்தாலே பெரிய விஷயம் என்பதை நீதிமன்ற வராண்டாவில் காத்திருந்த எவரும் சொல்வார்கள்.

பெட்டிச் செய்தி: எண்களில்

சிங்கப்பூர் அனைத்துலக நடுவர் மன்றத்துக்கு 2020-ல் வந்த புதிய வழக்குகள் 1,080. அதுவரை இல்லாத உச்சம். அந்த ஆண்டு அங்கே போன வெளிநாட்டுத் தரப்புகளில் முதலிடம் இந்தியாவுக்கு: 690.

லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், நடுவர் வழக்குக்கு விரும்பும் ஊர் எது என்ற கேள்விக்கு லண்டனும் சிங்கப்பூரும் தலா 54 சதவீதம் பெற்று முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டன.

சிங்கப்பூர் அனைத்துலக வணிக நீதிமன்றம் 2015 ஜனவரி 5 அன்று திறக்கப்பட்டது. வெளிநாட்டு நீதிபதிகளும் அங்கே அமர்கிறார்கள். இந்திய உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெற்ற ஏ.கே. சிக்ரி அவர்களில் ஒருவராக நியமிக்கப்பட்டவர்.

மார்க்கெட் தெருவில் எழுதிய கணக்கு

இன்று ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் போனால் கண்ணாடிக் கோபுரங்கள்தான். பெரிய சட்ட நிறுவனங்கள் அங்கேயும் பக்கத்து மரினா பேயிலும் மாடி மாடியாக இருக்கின்றன. ஆனால் அந்த வட்டாரத்தின் மார்க்கெட் தெரு ஒருகாலத்தில் நகரத்தார் செட்டியார்களின் தெரு. அவர்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு கிட்டங்கியிலும் பல விலாசங்கள். பாயை விரித்து, முன்னால் கைப்பெட்டியை வைத்து உட்கார்ந்த மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன். மூன்று வருடக் கணக்கு முடித்து ஊருக்குத் திரும்புவார்கள். சீன வியாபாரிக்கும் ரப்பர் தோட்டக்காரருக்கும் புரோநோட்டின் பேரில் பணம் போனது இந்தத் தெருவிலிருந்துதான்.

பணம் கொடுத்தால் வழக்கும் வரும். காலனி காலத்துத் தீர்ப்புத் தொகுப்புகளைப் புரட்டினால் செட்டியார் பெயர்கள் அடிக்கடி கண்ணில்படும். மலாயாவிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1962-ல் தீர்ப்பான ஒரு வழக்கின் பெயரே 'செட்டியார் எதிர் செட்டியார்'. நூறு ஏக்கருக்குமேல் ரப்பர் வைத்திருந்தால் வரும் கட்டுப்பாட்டைத் தவிர்க்க, நாற்பது ஏக்கரை மகன் பெயருக்கு மாற்றினார் அப்பா. பின்னர் மகன் அது என் நிலம்தான் என்றார். அரசை ஏமாற்ற எழுதிய பத்திரத்தைக் காட்டி நீதி கேட்க முடியாது என்று அப்பாவைத் திருப்பி அனுப்பியது பிரிவி கவுன்சில். ஆங்கிலச் சட்ட மரபில் படிக்கும் மாணவர்கள் இன்றும் அந்த அப்பாவையும் மகனையும் படிக்கிறார்கள்.

1826-ல் வந்த இரண்டாவது நீதிச் சாசனம் ஆங்கிலேயச் சட்டத்தைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னால் ஆங்கிலேய வழக்கறிஞர்கள் வந்தார்கள், அவர்கள் பெயரில் நிறுவனங்கள் வந்தன. உள்ளூரில் சட்டப் படிப்பு 1957-ல்தான் தொடங்கியது. முதல் அணி 1961-ல் பட்டம் பெற்றது. பின்னாளில் தலைமை நீதிபதியான சான் செக் கியோங்கும் தூதர் டாமி கோவும் அந்த ஒரே வகுப்பு.

ஆனால் இன்றைய பெயர் சம்பாதிக்கப்பட்டது 1990-க்குப் பிறகு. அந்த ஆண்டு தலைமை நீதிபதியாக வந்த யோங் பங் ஹவ் வழக்கறிஞராகத் தொடங்கி வங்கித் தலைவராக இருந்தவர். அவர் வந்தபோது வழக்குகள் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. பொய்முடி வேண்டாம் என்றார், 'மை லார்ட்' வேண்டாம் என்றார். கெடு வைத்தார். கெடுவைத் தாண்டினால் வழக்கறிஞர் பதில் சொல்லவேண்டும் என்றார். 2006-ல் அவர் ஓய்வுபெற்றபோது தேக்கம் கரைந்திருந்தது. சிங்கப்பூர் இன்று உலகுக்கு விற்கும் சரக்கு வழக்கறிஞரின் நாவன்மை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது விற்பது தேதி. இந்த நாளில் விசாரணை என்றால் அந்த நாளில் விசாரணை. ஒரு வியாபாரிக்கு அதைவிடப் பெரிய நீதி உண்டா?

பெட்டிச் செய்தி: நால்வர்

ட்ரூ அண்ட் நேப்பியர், 1889. ஆலன் அண்ட் கிளெட்ஹில், 1902. ராஜா அண்ட் டான், 1976. வோங் பார்ட்னர்ஷிப், 1992. சிங்கப்பூரின் 'பெரிய நான்கு' என்று சொல்லப்படுபவை இவை. இவற்றைவிட மூத்தது 1861-ல் தொடங்கிய ராடிக் அண்ட் டேவிட்சன். 2016-ல் உலக நிறுவனமான டென்டன்ஸுடன் சேர்ந்தது.

2008-ல் ஆறு வெளிநாட்டு நிறுவனங்களுக்கு, வரம்புகளோடு, உள்ளூர்ச் சட்டத்திலும் தொழில் செய்ய உரிமம் தரப்பட்டது. இந்தியா இன்றுவரை தயங்கிநிற்கும் கதவு அது.

கோட்டு போட்டவர்களின் கதை

இந்த ஊரில் வழக்கறிஞர் என்பவர் வழக்கறிஞராகவே முடிவதில்லை. தொழிலில் பெயரெடுத்தவர்களை அரசு கூப்பிட்டுக்கொள்கிறது. ஆலன் அண்ட் கிளெட்ஹில்லில் வணிக வழக்குகளில் கொடிகட்டிப் பறந்தவர் கா. சண்முகம். 1998-ல் மூத்த வழக்கறிஞர் பட்டம் பெற்றபோது வயது 38. பிறகு 2008 முதல் 2025 வரை பதினேழு ஆண்டுகள் சட்ட அமைச்சர். வணிக நீதிமன்றம் வந்ததும், வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கதவு திறந்ததும் அவர் காலத்தில். வோங் பார்ட்னர்ஷிப்பின் நிர்வாகப் பங்குதாரராக இருந்த தில்ஹான் பிள்ளை சந்திரசேகரா இன்று தெமாசெக்கின் தலைமைப் பொறுப்பில் இருக்கிறார். நாட்டின் முதலீட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் அது. தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனனும் ராஜா அண்ட் டானிலிருந்து வந்தவர். 2010-ல் அட்டர்னி ஜெனரல், 2012 நவம்பரில் தலைமை நீதிபதி.

நீதிமன்றக் கூண்டில் ஒரு மனிதரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் கலைக்கு இந்த ஊரில் ஒரு பெயர் சொல்லவேண்டுமானால் எல்லோரும் டாவிந்தர் சிங் என்பார்கள். 1997-ல் முதன்முதலாக மூத்த வழக்கறிஞர் பட்டம் பெற்றவர்களில் ஒருவர். லீ குவான் யூ உட்பட மூன்று பிரதமர்களுக்கு அவதூறு வழக்குகளில் வாதாடியவர். ஆனால் சிங்கப்பூர் மக்கள் மறக்காத வழக்கு 2005 ஜூலையில் நடந்தது. தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் தலைமை நிர்வாகி டி.டி. துரை, தன் அலுவலகக் குளியலறையின் தங்க முலாம் பூசிய குழாயைப் பற்றி எழுதிய நாளிதழ்மீது அவதூறு வழக்குப் போட்டார். நாளிதழ் தரப்பில் எழுந்தவர் டாவிந்தர் சிங். கேள்விமேல் கேள்வியாக, மாதச் சம்பளம் 25,000 வெள்ளி, பத்துப் பன்னிரண்டு மாத போனஸ், முதல் வகுப்பு விமானப் பயணம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இரண்டாம் நாளே துரை வழக்கைத் திரும்பப் பெற்றார். மாதாமாதம் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி நன்கொடை கொடுத்துவந்தவர்கள் கொதித்துப்போனார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் நன்கொடையை நிறுத்தினார்கள். அறநிறுவனங்களைக் கண்காணிக்கும் விதிகளே அதன்பிறகு மாறின. ஒரு குறுக்கு விசாரணையால் ஒரு நாட்டின் பழக்கம் மாறியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முப்பது வருடத்துக்கும் மேலாக ட்ரூ அண்ட் நேப்பியரில் இருந்த அவர் 2019-ல் தனியே வந்து தன் பெயரில் நிறுவனம் தொடங்கினார். எண்ணெய் வணிகர் லிம் ஊன் குயினின் ஹின் லியோங் கம்பெனி 2020-ல் கவிழ்ந்தபோது, 23 வங்கிகளுக்கு ஏறத்தாழ 350 கோடி அமெரிக்க டாலர் பாக்கி. லிம்முக்காக நின்றவர் டாவிந்தர் சிங்தான். 2024 நவம்பரில் லிம்முக்குப் பதினேழரை ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. ஒரு கம்பெனி விழுந்தால் இந்த ஊரில் எத்தனை வழக்கறிஞர் மேசைகள் நிரம்புகின்றன என்பதை அந்த வழக்கு காட்டியது. ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு வழக்கறிஞர், கலைப்பு அதிகாரிகளுக்கு வழக்கறிஞர், குடும்பத்துக்கு வழக்கறிஞர்.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஜெயரத்தினம் வீட்டுக் கதை. யாழ்ப்பாணத்தில் 1926-ல் பிறந்த ஜே.பி. ஜெயரத்தினம் வழக்கறிஞர், சிங்கப்பூரின் எதிர்க்கட்சித் தலைவர். அவதூறு வழக்குகளில் தோற்று, ஒருகட்டத்தில் திவாலாகி, தான் எழுதிய புத்தகத்தைத் தெருவில் நின்று விற்றவர். அவரை வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். 1988-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னதோடு, அவருக்குக் கடும் அநீதி இழைக்கப்பட்டதாகவும் எழுதியது. அடுத்த ஆண்டே பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செல்லும் வழி குறுக்கப்பட்டது. 1994-ல் அடியோடு நின்றது. அவருடைய மகன் பிலிப் ஜெயரத்தினம், நாவலாசிரியர், வணிக வழக்கறிஞர், டென்டன்ஸ் ராடிக்கின் தலைவராக இருந்தவர். 2021-ல் நீதிபதியானார். 2023 முதல் சிங்கப்பூர் அனைத்துலக வணிக நீதிமன்றத்தின் தலைவர். உலகக் கம்பெனிகள் நம்பி வரும் அந்த மன்றத்தின் தலைமை நாற்காலியில், அதே ஊர் நீதிமன்றங்களில் வாழ்நாளெல்லாம் போராடிய ஒருவரின் மகன் இருக்கிறார். தந்தை 2008-ல் இறந்துவிட்டார்.

உத்தரவு வந்தது, கடைகள் போயின

ஆயுத பூஜை நாள் உத்தரவுக்கு வருவோம். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லாமல் சிங்கப்பூர் நீதியின் பலத்தையும் பலவீனத்தையும் புரியவைக்க முடியாது.

அமேசான் 2019-ல் ஃபியூச்சர் கூப்பன்ஸ் என்ற குழும நிறுவனத்தில் 1,431 கோடி ரூபாய் போட்டது. இன்னின்னாருக்கு விற்கக் கூடாது என்று ஒரு பட்டியல் எழுதி வாங்கியது. ரிலையன்ஸ் அந்தப் பட்டியலில் இருந்தது. விற்பனைக்குத் தடை கிடைத்ததும், அவசர நடுவர் என்று ஒருவரை இந்தியச் சட்டம் அறியாது, அவர் உத்தரவு எங்களைக் கட்டுப்படுத்தாது என்றது ஃபியூச்சர். டெல்லி உயர் நீதிமன்றத்தில் மாறிமாறி உத்தரவுகள் வந்தன. 2021 ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் நரிமனும் கவாயும் முடிவு சொன்னார்கள்: அவசர நடுவரின் உத்தரவு இந்தியாவில் செல்லும். நடுவர் சட்ட வழக்கறிஞர்கள் கொண்டாடிய நாள் அது.

கொண்டாட்டம் ஆறு மாதம்தான். வாடகை பாக்கியில் கிடந்த கடைகளின் குத்தகைகள் ஏற்கெனவே ரிலையன்ஸ் பெயருக்கு மாறியிருந்தன. 2022 பிப்ரவரி கடைசியில் ரிலையன்ஸ் அந்தக் கடைகளைத் தன் வசம் எடுக்கத் தொடங்கியது. பிக் பஜார் பலகை இறங்கியது. மார்ச்சில் அமேசான் நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்துப் புலம்பியது. ஏப்ரலில் கடன் கொடுத்த வங்கிகள் விற்பனைத் திட்டத்தை நிராகரித்தன. ரிலையன்ஸ் ஒப்பந்தம் கைவிடப்பட்டது, ஆனால் கடைகள் திரும்பவில்லை. ஜூலையில் ஃபியூச்சர் ரீடெய்ல் திவால் நடவடிக்கைக்குப் போனது. 2024-ல் கலைக்க உத்தரவானது. உலகின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று, உலகின் மிக நல்ல வழக்கறிஞர்களை வைத்து, தடையுத்தரவை வென்று, கடைசியில் கடைகள் கைமாறுவதைத் தடுக்க முடியாமல் நின்றது. அந்தக் கடைகளில் பில் போட்ட, சாமான் அடுக்கிய ஊழியர்கள் இந்த வழக்கின் எந்தத் தாளிலும் தரப்பாக இல்லை.

இன்னொரு மோதல் கல்யாணத் தளத்தைப் பற்றியது. ஷாதி டாட் காம் நிறுவனர் அனுபம் மித்தல், தன் முதலீட்டாளரான வெஸ்ட்பிரிட்ஜ் தன்னை நெருக்குவதாக மும்பை கம்பெனித் தீர்ப்பாயத்துக்குப் போனார். இது நடுவரிடம் போகவேண்டிய வழக்கு, மும்பையில் நடத்தாதே என்று சிங்கப்பூர் நீதிமன்றம் 2021-ல் தடைபோட்டது. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம், இந்தியச் சட்டப்படி இத்தகைய வழக்கு நடுவரிடம் போகவே முடியாது, அங்கே வரும் தீர்ப்பும் இங்கே செல்லாது, ஆகவே சிங்கப்பூர்த் தடையை மித்தலுக்கு எதிராகப் பயன்படுத்தாதீர்கள் என்றது. இரண்டு நாட்டு நீதிமன்றங்களும் தத்தம் சட்டப்படி சரி. நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு வருடங்கள் போயின.

மூன்றாவது சம்பவம் நமக்குத்தான் வலிக்கவேண்டும். இந்தியச் சரக்கு ரயில் பாதைத் திட்டம் ஒன்றில், குறைந்தபட்சக் கூலி உயர்த்தப்பட்டதால் ஏற்பட்ட கூடுதல் செலவு யாருடையது என்று தகராறு. விசாரணைத் தலம் சிங்கப்பூர். நடுவர்களாக அமர்ந்தவர்கள் இந்தியாவின் ஓய்வுபெற்ற நீதிபதிகள். தீர்ப்பில் 451 பத்திகள். அவற்றில் குறைந்தது 212, அதே தலைமை நடுவர் முன்பு வேறு இரு வழக்குகளில் எழுதிய தீர்ப்புகளிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை. அந்த வழக்குகளின் வாதங்களும் விதிகளும்கூட இதில் வந்து உட்கார்ந்திருந்தன. சிங்கப்பூர் நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. 2025 ஏப்ரலில் மேல்முறையீட்டு மன்றம் அதை உறுதிசெய்தது. மனதைத் திறந்துவைத்து என் வழக்கைக் கேட்டாரா என்று தரப்புகள் கேட்கும் உரிமையை அந்த மன்றம் காப்பாற்றியது. அந்தக் கேள்வியைக் கேட்கும் நிலைக்கு நாம் வந்தோமே என்பது என் வருத்தம்.

டெல்லியும் சென்னையும் என்ன செய்கின்றன?

இந்தியாவும் சும்மா இல்லை. 2015-ல் வணிக நீதிமன்றச் சட்டம். 2019-ல் டெல்லியில் அனைத்துலக நடுவர் மையத்துக்குச் சட்டம். சென்னையில் நானி பால்கிவாலா பெயரில் 2005 முதலே ஒரு நடுவர் மையம் இயங்குகிறது. ஆனால் அரசின் மனம் ஒருநிலையில் இல்லை. 2024 ஜூனில் மத்திய நிதி அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அரசுக் கொள்முதல் ஒப்பந்தங்களில் நடுவர் விதியை வழக்கமாகச் சேர்க்காதீர்கள், பத்துக் கோடி ரூபாய்க்குக் குறைவான தகராறுகளோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள் என்றது. நாட்டிலேயே பெரிய வழக்காளி அரசு. அதுவே உள்நாட்டு நடுவர் முறையை நம்பாவிட்டால் வெளிநாட்டுக் கம்பெனி எப்படி நம்பும்?

வெளிநாட்டு வழக்கறிஞர்களை உள்ளே விடுவதா என்ற சண்டையில் சென்னைக்கு முக்கியப் பங்கு உண்டு. ஏ.கே. பாலாஜி என்ற சென்னை வழக்கறிஞர் 2010-ல் முப்பத்தொரு வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்களுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2012 பிப்ரவரியில் நீதிமன்றம், வந்து ஆலோசனை சொல்லிவிட்டுப் போகலாம், கடை விரிக்கக் கூடாது என்றது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் சிறு திருத்தத்தோடு அதே வழியில் போனது. 2023 மார்ச்சில் பார் கவுன்சில் கதவைக் கொஞ்சம் திறக்க விதி எழுதியது, 2025 மேயில் அந்த விதியைத் திருத்தி எழுதியது. சிங்கப்பூர் 2008-ல் எடுத்த முடிவை நாம் இன்னும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கிறோம். நம் இளம் வழக்கறிஞர்கள் பிழைப்புக்கு ஆபத்து என்ற பயம் நியாயமானது, நான் அதை லேசாகப் பார்க்கவில்லை. ஆனால் வேலை ஏற்கெனவே விமானம் ஏறிவிட்டது. பெரிய ஒப்பந்தத் தகராறுகளில் ஃபீஸ் பேசப்படுவது மேக்ஸ்வெல் சாலையில்.

மேக்ஸ்வெல் சாலையில் இருக்கும் பழைய சுங்க அலுவலகத்தைத்தான் 2010-ல் நடுவர் விசாரணைக்கான கட்டடமாகத் திறந்தார்கள். 2019-ல் பக்கத்தில் இருந்த பழைய போக்குவரத்துக் காவல் தலைமையகத்தையும் அதோடு சேர்த்தார்கள். சற்றுத் தள்ளி மேக்ஸ்வெல் உணவு நிலையம், இன்னும் கொஞ்சம் நடந்தால் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவில். நாராயண பிள்ளை 1827-ல் கட்டியது. இருநூறு வருடமாக நம்மவர்கள் பணத்தோடும் வழக்கோடும் வேண்டுதலோடும் நடந்த அதே வட்டாரம்.

விளக்கு அணையாத மாடிகள்

கோபுரங்களுக்குள்ளே என்ன நிலை? 2021-ல் 538 வழக்கறிஞர்கள் தொழிலை விட்டுப் போனார்கள். ஆறாயிரத்துச் சொச்சம் பேர் உள்ள ஊரில் இது சின்ன எண் அல்ல. 2022 தொடக்கத்தில் இதை வெளிப்படையாகப் பேசியவர் அப்போதைய சட்டச் சங்கத் தலைவர் ஏட்ரியன் டான். இளைஞர்கள் விரும்பிப் படித்த நாவலாசிரியரும்கூட. 2023-ல் காலமானார். வெளியேறியவர்களில் இளையவர்களே அதிகம் என்பதுதான் அவரை வாட்டியது. தலைமை நீதிபதி மேனனும் புதிதாகப் பட்டியலில் சேரும் வழக்கறிஞர்களிடம் வேலை நேரத்தையும் மனநலத்தையும் பற்றி ஆண்டுதோறும் பேசவேண்டியிருக்கிறது. பயிற்சிக் காலத்தை ஆறு மாதத்திலிருந்து ஓராண்டாக நீட்டிவிட்டார்கள்.

நியூயார்க் விழிக்கும்போது சிங்கப்பூர் தூங்க முடியாது, மும்பை மத்தியானம் கேட்ட திருத்தம் மாலைக்குள் போகவேண்டும். வேகமும் தேதியும்தான் சரக்கு என்றேன். அந்தச் சரக்கை உற்பத்தி செய்வது இருபத்தாறு, இருபத்தேழு வயசுப் பிள்ளைகளின் தூக்கம்.

வழக்கறிஞர் இல்லாத கூண்டு

இந்தப் பணமும் திறமையும் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பதைக் கேட்காமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

புதுக்கோட்டையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ போய்க் கட்டட வேலை செய்யும் ஒருவருக்குச் சம்பளம் பாக்கி என்றால், அவர் போகவேண்டிய இடம் 2017-ல் தொடங்கிய வேலைவாய்ப்புக் கோரிக்கைத் தீர்ப்பாயம். முதலில் சமரசம், பிறகுதான் விசாரணை. தொடங்கியபோது உச்சவரம்பு 20,000 வெள்ளி, தொழிற்சங்கம் வழியாக வந்தால் 30,000. இரு தரப்பிலும் வழக்கறிஞர் கூடாது. செலவு மிச்சம், முதலாளி பெரிய வக்கீலோடு வந்து மிரட்ட முடியாது என்ற நல்ல எண்ணம் அதில் இருக்கிறது. பல பேருக்குப் பாக்கி கிடைத்தும் இருக்கிறது. ஆனால் முதலாளிக்குக் கணக்கர் இருக்கிறார், பதிவேடு இருக்கிறது. தொழிலாளிக்கு ஒரு போனும் அதில் நாலு புகைப்படமும். வழக்கு நடக்கும் காலத்தில் எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது என்று பார்த்துக்கொள்வது தொண்டு அமைப்புகள்.

2022 ஏப்ரல் 26. அனைத்துலக வணிக நீதிமன்றமும் அமரும் அதே உச்ச நீதிமன்றக் கட்டடம். கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் வரைந்தது, உச்சியில் வட்டத்தட்டு வைத்தது. அன்று அங்கே வந்தவர் பாஞ்சாலை சுப்பிரமணியம், மலேசியத் தமிழ்த் தாய். அவருடைய மகன் நாகேந்திரன் தர்மலிங்கம் 2009-ல் 42.72 கிராம் ஹெராயினோடு பிடிபட்டவர். அவருடைய அறிவுத்திறன் அளவெண் 69 என்று நீதிமன்றத்தில் பதிவானது. மறுநாள் விடியலில் தூக்கு.

மகன் வழக்கின் மேல்முறையீட்டை விசாரித்த தலைமை நீதிபதி, அதே வழக்கின் முந்தைய கட்டத்தில் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர் என்பது தாயின் வாதம். வாதிட ஒரு வழக்கறிஞரும் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கான வழக்கறிஞர்கள் உள்ள, அவர்களுக்காகவே உலகம் வந்திறங்கும் ஊரில், அவர் தானே எழுந்து நின்றார். நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. நாகேந்திரனுக்காக முன்பு வாதாடிய இரண்டு வழக்கறிஞர்கள் 20,000 வெள்ளி செலவுத்தொகை கட்டவேண்டும் என்ற உத்தரவு அடுத்த மாதம் வந்தது.

விசாரணை முடிந்ததும் மகன் ஒன்று கேட்டார். குடும்பத்தாரின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அனுமதித்தார்கள். கண்ணாடித் தடுப்பில் இருந்த இடைவெளி வழியாகக் கைகள் கோத்துக்கொண்டன. "மா" என்று அவர் அழுத குரல் அறை முழுக்கக் கேட்டது.